மணிபல்லவம் எவருடைய தீவு?

தமிழ்க் காப்பியங்கள் காட்டும் தீவுகளுள் மணிபல்லவத்துக்கு ஒப்பானது பிறிதொன்றில்லை. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், புகார் நகரிலிருந்து மணிமேகலையை மணிமேகலா தெய்வம் வான்வழியே எடுத்துச் சென்று துயிலெழச் செய்யும் இடம் அது. அங்கே ஊர் இல்லை, அரசன் இல்லை, குடிமக்களும் இல்லை. ஆயினும் பெயர் பெற்ற அடையாளங்கள் உள. நிலத்தின்மேல் மூன்று முழம் உயர்ந்து, திசைதோறும் ஒன்பது முழம் அகன்று விளங்கும் புத்த பீடிகை ஒன்று உண்டு. அதன் முன்னே கோமுகி என்னும் பொய்கை உண்டு. ஆண்டுக்கொரு முறை வைகாசி விசாகத் திருநாளில் அப்பொய்கையினின்று அமுதசுரபி என்னும் பாத்திரம் மேலெழும். இவற்றைக் காத்து நிற்பவள் தீவதிலகை என்னும் தெய்வம். ஆளற்ற ஒரு தீவை இத்தனை பெயர்களால் நிறைத்துக் காட்டிய புலவனின் திறம் வியக்கற்பாலது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த தீவைக் கற்போர் முதற்கண் செய்ய வேண்டுவது யாது? இப்பெயர்களையும் அடையாளங்களையும் சாத்தனார் எதற்காகப் படைத்தார் என்று ஆராய்வதே ஆகும். ஆனால் நடப்பது வேறு. 'மணிபல்லவம் எங்கே இருக்கிறது?' என்ற ஒரு வினா பிற வினாக்களையெல்லாம் விழுங்கிவிட்டது. அந்த வினாவும் நெடுநேரம் அவ்வடிவில் நிற்பதில்லை. 'மணிபல்லவம் எவருடையது?' என்று அது விரைவிலேயே உருமாறிவிடுகிறது. காப்பியம் பின்னே தள்ளப்படுகிறது; வரைபடம் முன்னே விரிக்கப்படுகிறது. இந்தப் போக்கு இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரத் தீங்கு செய்வது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் இன்றியமையாதது.

தேடலின் கதை

மணிமேகலை 1898ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையரின் செம்பதிப்பாக, அரும்பத உரையோடு வெளிவந்தது. அதன்பின் கற்றோர் பலர் அக்காப்பியத்தின் இடப்பெயர்களை ஆராயத் தலைப்பட்டனர். முதலியார் செ. இராசநாயகம் 1926ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலில், மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத் தீபகற்பமே என வாதிட்டார். பல்லவர் என்னும் அரச குலப் பெயரும் மணிபல்லவத்தினின்று பிறந்ததே என்றும் கருதினார். வேறு சிலர் அத்தீவை நயினாதீவு என்றனர். இன்னும் சிலர் வேறு தீவுகளை நாடிச் சென்றனர்.

இவர்கள் கூறுவனவற்றுக்கு அடிப்படையே இல்லை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. புகாருக்குத் தென்திசையில் மணிபல்லவம் உள்ளதாகக் காப்பியம் கூறுகிறது. அதன் அயலில் இரத்தினதீவம் உள்ளது என்றும், அங்கே சமந்த மலையுச்சியில் புத்தரின் அடிச்சுவடு உள்ளது என்றும் தீவதிலகை உரைக்கிறாள். இது இலங்கையின் சிவனொளிபாத மலையைச் சுட்டுவது வெளிப்படை. பாளி மொழியில் அமைந்த மகாவம்சமும் இதனையொத்த கதையொன்றைக் கூறுகிறது. மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணிகள் இழைத்த ஓர் அரியணைக்காகப் போரிட முனைந்தனர் என்றும், புத்தர் நாகதீபத்துக்கு வந்து அப்பூசலைத் தீர்த்தார் என்றும் அந்நூல் கூறும். 1936ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் நாகதீவு என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எனவே நாகதீபம் என்பது இலங்கையின் வடபகுதியைக் குறித்தது என்று கொள்ள இடமுண்டு.

இதுவரை ஆராய்ச்சி. இதற்கு மேல் எடுத்து வைக்கப்படும் அடி ஆராய்ச்சி அன்று. நாகதீபம் வடஇலங்கையே எனின், மணிபல்லவமும் அதுவே. மணிபல்லவம் அதுவே எனின், பீடிகை இன்ன மண்மேட்டின்கீழ் உள்ளது. கோமுகி இன்ன கிணறே. ஆகவே இந்நிலம் எமதே என்று முடிப்பது உரிமைப் பத்திரம் எழுதும் செயல். ஆராய்ச்சி வேறு, பத்திரம் எழுதுதல் வேறு.

காப்பியமே மறுக்கிறது

இத்தகைய முடிபுகளுக்கு முதல் தடையாக நிற்பது மணிமேகலைக் காப்பியமே ஆகும்.

முதலாவது, மணிபல்லவத்தில் வாழ்வோர் எவரும் இலர் என்று சாத்தனார் தெளிவாகக் கூறுகிறார். ஆபுத்திரன் அத்தீவில் தனித்து விடப்பட்டபோது, அமுதசுரபி கையில் இருந்தும் உணவிடுதற்கு ஓர் உயிரும் இல்லையே என்று வருந்தியதே அவன் கதையின் உயிர்நிலை. யாழ்ப்பாணத் தீபகற்பமோ கிறித்து பிறப்பதற்கு முன்னரே மக்கள் குடியேறி வாழ்ந்த நிலம் என்பதைக் கந்தரோடை அகழாய்வுகள் காட்டியுள்ளன. மக்கள் நிறைந்த நிலத்தை ஆளற்ற தீவாக்கினால், ஆபுத்திரனின் துயரம் பொருளற்றதாகிவிடும்.

இரண்டாவது, காப்பியத்தில் நாகநாடும் மணிபல்லவமும் ஒன்றல்ல. நாகநாட்டு அரசன் மகளாகிய பீலிவளை, மணிபல்லவத்துக்கு வந்து பீடிகையை வணங்கி, தன் மகனை அங்கே கம்பளச் செட்டியிடம் ஒப்படைக்கிறாள். பீடிகைக்காகப் போரிட்ட மன்னர் இருவரும் நாகநாட்டிலிருந்து வந்தவர்களே. ஓரிடத்திலிருந்து புறப்பட்டு அதே இடத்துக்கு வந்து சேர்தல் எவ்வாறு இயலும்? நாகதீபமும் நாகநாடும் மணிபல்லவமும் ஒன்றே என்று உரைப்போர் இவ்வினாவுக்கு விடை கூறியாதல் வேண்டும்.

மூன்றாவது, புகாருக்கும் மணிபல்லவத்துக்கும் இடைப்பட்ட தொலைவு முப்பது யோசனை. யோசனை என்னும் அளவை 8 கிலோமீட்டர் முதல் 14 கிலோமீட்டர் வரை பலவாறாகக் கணிப்பர். அவ்வாறாயின் முப்பது யோசனை என்பது 240 முதல் 420 கிலோமீட்டர் வரை ஆகும். பூம்புகாரிலிருந்து நயினாதீவுக்கு நேர்கோட்டுத் தொலைவோ ஏறத்தாழ 170 கிலோமீட்டர். திசை பொருந்துகிறது, தொலைவு பொருந்தவில்லை. பொருந்துவதை மட்டும் எடுத்துக்காட்டிப் பொருந்தாததை மறைப்பது கற்றோர்க்கு அழகன்று.

பெயர்களின் பொருள்

மெய்யான ஊர்ப்பெயர் எவ்வாறு பிறக்கும்? அங்கு வாழும் மக்களின் வாயில் பிறக்கும். நெடுந்தீவு என்ற பெயர் அத்தீவின் நீளத்தை நினைவூட்டும். காரைதீவு என்ற பெயர் காரைச் செடியை நினைவூட்டும். மீன் பிடிப்போரும் உழுவோரும் தம் கண்முன் கண்டதையே பெயராக்குவர். மணிபல்லவத்துப் பெயர்களோ அவ்வகையின அல்ல. அவை புலவன் இட்ட பெயர்கள். அவற்றின் வேரை நிலத்தில் தேடுதல் வீண். காப்பியத்தினுள் தேடின் வியத்தகு பொருள் கிட்டும்.

கோமுகி என்பது பசுவின் முகம் உடையது என்னும் பொருளது. அமுதசுரபி என்னும் பெயரிலும் சுரபி என்னும் தேவலோகப் பசு ஒளிந்திருக்கிறது. இவ்விரு பெயர்களும் ஆபுத்திரன் என்னும் மூன்றாம் பெயரோடு சேர்த்து நோக்கற்பாலன. பெற்ற தாயால் கைவிடப்பட்ட குழவிக்கு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. அதனால் அவன் ஆபுத்திரன் ஆனான். வேள்வியில் கொல்லப்பட இருந்த பசுவை மீட்க முயன்று, அதன் பொருட்டு ஊரார் வெறுப்புக்கு ஆளானான். மதுரையில் சிந்தாதேவி அளித்த பாத்திரத்தால் பசித்தோர்க்கு உணவிட்டான். சாவக நாட்டில் பசிக் கொடுமை நேர்ந்தது எனக் கேட்டுக் கப்பலேறினான். காற்றின் கொடுமையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்க, அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் இரவிலேயே சென்றுவிட்டது. பிறர் பசி தீர்க்கும் பாத்திரத்தால் தன்னுயிர் ஒன்றை மட்டும் ஓம்புதல் தகாது எனத் துணிந்து, அதனைக் கோமுகியில் இட்டு, உண்ணாது உயிர் துறந்தான். மறுபிறவியிலும் அவனை ஈன்றது சாவகத்துத் தவளமலையில் மண்முக முனிவன் வளர்த்த ஒரு பசுவே.

கைவிடப்பட்ட மகவுக்குப் பாலூட்டிய பசு, பசித்த உலகுக்குச் சோறூட்டும் பாத்திரமாக மாறி, பசுமுகப் பொய்கையில் மறைந்து, மீண்டும் தோன்றுகிறது. இப்பெயர்களால் சாத்தனார் ஒரு சரடு கோத்திருக்கிறார். அந்தச் சரட்டை அறுத்துக் கோமுகியை மட்டும் பிரித்தெடுத்து, இன்ன கிணறு அது என்று சுட்டுவதால் மாணவனுக்குக் கிடைப்பது யாது? ஒரு கிணறு கிடைக்கிறது. ஒரு காப்பியம் கைநழுவிப் போகிறது.

பெயரிடுதலும் உரிமை கொள்ளுதலும்

பெயரைப் பற்றிக்கொண்டு நிலத்தை உரிமை கொண்டாடுதல் புதிய வழக்கமன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், அதன் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. அத்தீவுகளில் வாழ்ந்த மக்கள் அப்பெயர்களைக் கேட்டு இட்டவர் அல்லர். ஆட்சி போயிற்று, டெல்ஃப்ட் ஒழிந்த ஏனைய பெயர்கள் பழைய ஏடுகளோடு நின்றன. மக்கள் வழங்கிய பெயர்களோ நிலைத்தன.

அயலார் செய்த இச்செயலைக் கண்டு சினப்போர், தம் செயலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்கள் வாழும் ஒரு தீவின் மேல் காப்பியப் பெயரொன்றை ஒட்டி, இனி இதன் மெய்யான பெயர் இதுவே என முழங்குவதும் அதே வகைச் செயலே. ஒல்லாந்தர் தம் நகரத்தின் பெயரைச் சுமத்தினர். இவர்கள் தம் நூலின் பெயரைச் சுமத்துகின்றனர். இரண்டிலும் அங்கு வாழ்வோர் வழங்கும் பெயருக்கு மதிப்பில்லை.

நயினாதீவையே எடுத்துக்கொள்க. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அச்சிறு தீவில் உள்ளன. தமிழரும் சிங்களவரும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி அங்கு வழிபடச் செல்கின்றனர். அம்மன் கோயில் வளாகத்தில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள மன்னன் வெட்டுவித்த அக்கல்வெட்டு, அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் எனக் கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் சேதமுற்றால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியன என்றும், பிற சரக்காயின் சரிபாதி என்றும் அது வகுத்துரைக்கிறது. சிங்கள மன்னன் தமிழில் ஆணையிட்டான். அந்த ஆணை அயலவர்க்குப் பாதுகாப்பு அளித்தது. கல்லில் எழுதிய இச்செய்தி, வேண்டியவாறு வளைக்க இடம் தராதது. இதனைக் கற்பிப்போர் சிலர். பொய்கையைத் தேடுவோர் பலர்.

இரு மன்னர் போரும் ஒரு தீர்ப்பும்

மணிபல்லவம் எவருடையது என்ற வினாவைச் சாத்தனார் எழுப்பாமல் விடவில்லை. காப்பியத்தினுள்ளேயே அதனை எழுப்பி, விடையும் கூறிவிட்டார். நாகநாட்டு மன்னர் இருவர் பீடிகையைத் தமது தமது எனக் கூறி அதனை எடுக்க முயன்றனர், இருவராலும் இயலவில்லை. ஆயினும் ஆசை விடவில்லை, பெருஞ்சேனையொடு பொருதனர். அப்போது புத்தர் தோன்றிப் போரை விலக்கினார். அப்பீடிகை தமக்குரியது எனக் கூறி அதன்மேல் அமர்ந்தார். அமர்ந்தவர் கொடி நாட்டவில்லை, அறம் உரைத்தார். பெயர்த்தெடுக்க முயன்றவர்க்கு உரியதாகாத இருக்கை, அறம் உரைத்தவர்க்கு உரியதாயிற்று.

இக்கதையைப் படித்த பின்னும், அந்தப் பீடிகை இருந்த தீவு எந்த இனத்துக்குச் சொந்தம் எனப் பூசலிடுவோர், தம்மை அறியாமலே அவ்விரு மன்னர் வேடத்தைப் பூணுகின்றனர். அவர்கள் போரிட்டது ஓர் இருக்கைக்காக. இவர்கள் போரிடுவது ஒரு தீவு முழுமைக்குமாக!

இன்னும் ஒரு சான்று உண்டு. மணிமேகலை கச்சி மாநகர் செல்கிறாள். அங்கே மழை பொய்த்துப் பசி பெருகியிருக்கிறது. மணிபல்லவத்தில் உள்ளது போன்ற பொய்கையும் பொழிலும் அந்நகரில் அமைக்கப்பட்டுள்ளன. மணிமேகலை அங்கே பீடிகையும் அமைப்பித்து, தீவதிலகைக்கும் மணிமேகலா தெய்வத்துக்கும் கோயில் எழுப்பச் செய்கிறாள். பின்னர் பலதிறப்பட்ட மக்களையும் அழைத்து உணவிடுகிறாள். தீவின் அடையாளங்கள் அனைத்தும் கடல் கடந்து காஞ்சிக்கு வந்துவிட்டன! மணிபல்லவம் இன்ன அகலாங்கில் மட்டுமே இருக்க முடியும் என்று சாத்தனார் கருதியிருப்பின் இவ்வாறு பாடியிரார். பசித்தோர் உண்ணும் இடம் எதுவோ, அங்கே கோமுகியை வெட்டலாம். அங்கே பீடிகையை நிறுவலாம் என்பதே அவர் கொள்கை.

சாவகத்தின் பெயரால்

இப்பகுதியில் வாழும் தமிழர்க்கு மணிபல்லவத்தோடு தனியொரு தொடர்பு உண்டு. ஆபுத்திரன் மறுபிறவியில் புண்ணியராசனாக ஆண்டது சாவக நாடு. அவன் தலைநகர் நாகபுரம். சாவகம் என்பது சாவாவையோ அதனைச் சூழ்ந்த தீவுக் கூட்டத்தையோ குறிக்கும் என்பர். இச்செய்தியைக் கொண்டு, பண்டைக் காலத்தில் தமிழ் மன்னனே இந்நிலம் முழுவதும் ஆண்டான் என்று மேடைகளில் முழங்குவாரும், அதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்வாரும் உளர். பசுவின் வயிற்றில் பிறந்து, பூமிசந்திரன் என்னும் மன்னனால் வளர்க்கப்பட்ட காப்பிய மாந்தனை வரலாற்று மன்னர் வரிசையில் அமர்த்துவது எவ்வகை ஆராய்ச்சி?

இத்தகைய முழக்கத்துக்குத் தேவையும் இல்லை. தமிழர் இக்கடற்பகுதிக்கு வந்தமைக்குக் கல்லிலே சான்று உண்டு. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைக் குறிப்பிடுகிறது. அதன் பெயர் அவனிநாரணம். அதனை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விட்டனர். கோமுகி புலவன் உள்ளத்தில் வெட்டிய பொய்கை. அவனிநாரணம் தமிழர் கையால் மண்ணில் அமைந்த குளம். கோமுகியின் பெயரை அறிந்த மாணவருள் எத்துணைப் பேர் அவனிநாரணத்தை அறிவர்?

சுமத்திராவின் பாருசுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதனினும் நுட்பமானது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அவ்விடத்துக்கு உய்யக்கொண்ட பட்டினம் என முடியும் தமிழ்ப் பெயரொன்றை வழங்கினர். அதே வேளையில் வரோசு என்னும் உள்ளூர்ப் பெயரையும் விடாது எழுதினர். வந்த வணிகர் தம் பெயரை நாட்டினர். இருந்த மக்களின் பெயரையும் மதித்தனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்வணிகர்க்கு இருந்த பண்பு, இன்று பெயராராய்ச்சி செய்வோர் சிலர்க்கு இல்லாமற் போனது இரங்கத்தக்கது.

கற்பனைத் தீவின் அடையாளங்களுக்காக ஆரவாரம் செய்யும் இடத்தில், மெய்யான அடையாளங்கள் அழிவதைக் கவனிக்க ஆள் இல்லாமற் போகும். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11 என எண்ணிடப்பட்டிருந்த சண்டியின் எச்சம், 2013ஆம் ஆண்டில் நிலமேம்பாட்டுப் பணியின்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. செய்தி வெளிவந்தபோது பல இனத்தாரும் வருந்தினர், எதிர்ப்பும் எழுந்தது. ஆனால் அதற்கு முன்னர் அந்த எண்ணை, அந்த இடத்தை, அங்கிருந்த செங்கல் வரிசையைத் தம் மாணவர்க்குக் காட்டிய தமிழாசிரியர் எத்துணையர்? காணாத தீவில் பீடிகை எங்கே என வாதிட்ட நேரத்தில் ஒரு பகுதியைக் கண்ணெதிரே இருந்த கல்லுக்குச் செலவிட்டிருக்கலாகாதா?

தடைகளும் விடைகளும்

இவ்விடத்தில் சிலர் ஒரு தடை எழுப்புவர். ஓமர் பாடிய திராய் நகரம் கற்பனை எனக் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அகழ்ந்து கண்டனர் அல்லரோ என்பர். திராயைக் கண்டது மண்வெட்டி. சொல் விளையாட்டு அன்று. மேலும், கோட்டை மதில் கிடைத்தமையால் ஓமர் பாடிய தெய்வங்களும் வீரர்களும் வரலாறாகிவிடவில்லை. அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. சாத்தனார் பாடிய புகாரிலேயே 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தினர். கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத் துறையும், மேலையூரில் பௌத்த விகாரையின் எச்சமும், புத்தர் அடிச்சுவடு பொறித்த கல்லும் வெளிப்பட்டன. காப்பியம் தோன்றிய சூழலை இவை மெய்ப்பிக்கின்றன. மணிமேகலை வானில் பறந்ததை மெய்ப்பிக்கவில்லை. மெய்ப்பிக்க வேண்டுவதும் இல்லை.

பிறநாட்டில் சிறுபான்மையராய் வாழும் பிள்ளைகளுக்குப் பெருமிதம் வேண்டாவா என்பது மற்றொரு தடை. வேண்டும்; ஐயமில்லை. ஆனால் பொய்க்கால் கொண்ட பெருமிதம் முதல் வினாவிலேயே சரிந்துவிடும். பள்ளியில் மணிபல்லவத்தை வரலாறாகக் கற்ற மாணவன், பல்கலைக்கழகத்தில் அது அவ்வாறன்று என அறியுங்கால், பொய்யை மட்டும் விலக்குவதில்லை. பொய்யைச் சொன்ன ஆசிரியரையும், அவர் கையிலிருந்த காப்பியத்தையும் சேர்த்தே விலக்குகிறான். பிறகு அமுதசுரபி அவனுக்குப் பழங்கதை. ஆதிரை இட்ட முதற் பிச்சை அவனுக்குத் தேர்வு வினா. இவ்விழப்பை எவர் ஈடு செய்வது?

கற்பனை என்று கூறினால் காப்பியம் சிறுமைப்படும் என்ற அச்சமும் தேவையற்றது. மெய்யான தீவுகள் உலகில் பல்லாயிரம். பசியைப் பிணி எனக் கண்டு, அதனைத் தீர்ப்பதற்கென்றே ஒரு பாத்திரத்தை நீரினின்று எழச் செய்த தீவு ஒன்றே. அதைக் கடல் தரவில்லை. தமிழ்ப் புலவனின் நெஞ்சம் தந்தது. இதனினும் பெருமிதம் யாது?

ஆசிரியர் கடன்

எனவே மணிமேகலையைக் கற்பிக்கும் ஆசிரியர், இரண்டு பலகைகளை வகுப்பில் வேறு வேறாக வைத்தல் நன்று. ஒன்றில் புலவன் இட்ட பெயர்களை எழுதுக: மணிபல்லவம், கோமுகி, தீவதிலகை, அமுதசுரபி. அவை காப்பியத்தினுள் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னியுள்ளன என்று வினவுக. மற்றொன்றில் கல்லும் ஏடும் சான்று கூறும் பெயர்களை எழுதுக: நாகதீவு, ஊராத்துறை, அவனிநாரணம், வரோசு. அவை எங்கே கிடைத்தன, எவர் எழுதினர், எதற்காக எழுதினர் என்று வினவுக. இரண்டையும் ஒப்பிடலாம், ஒன்றாகக் குழைத்தல் ஆகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விசாக தினத்துக்காகப் பொது விடுமுறை விடப்படுகிறது. அமுதசுரபி எழும் நாள் அதுவே எனத் தமிழ் மாணவன் அறிந்தால், அண்டை வீட்டுப் பௌத்தனின் திருநாளில் தன் மொழிக் காப்பியத்துக்கும் பங்கு உண்டு என உணர்வான். அவ்வுணர்வு எந்நிலத்தையும் எவரிடமிருந்தும் பறிப்பதன்று.

புண்ணியராசன் கதையின் முடிவும் இங்கே கருதற்பாலது. அவன் சாவகத்திலிருந்து கப்பலேறி மணிபல்லவம் வந்தான். பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்தான். புன்னை நிழலில் புதைந்திருந்த தன் பழைய உடலின் எலும்பையே கண்டான், மயங்கினான். முற்பிறவியின் எலும்பு கிடந்த மண்ணைவிட ஒருவனுக்கு உரிமையான மண் வேறு எது? ஆயினும் மணிமேகலை அவனை அங்கே தங்க விடவில்லை. உரிமை கொண்டாடவும் விடவில்லை. அறம் என்பது உயிர்கட்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே எனத் தெளிவித்தாள். ஆளற்ற தீவில் அவனுக்கு வேலை இல்லை. பசியுள்ள நாடு அவனுக்காகக் காத்திருந்தது. அவன் சாவகத்துக்கே திரும்பினான்.